1933 டபுள் ஈகிள்: ஜூன் 8 ஏலத்தில் எவ்வளவுக்குப் போகும்? எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கிறது

கும்பகோணம் காசாளர் | 2021 மே 30

நண்பர்களுக்கு வணக்கம். ஊரடங்கில் கடைத்தெரு மூடிக் கிடக்கிறது. பெட்டியில் இருக்கும் ரூபாய்களையே நான்காவது முறையாக எடுத்துத் துடைக்காமல் பார்த்து உள்ளே வைத்துவிட்டேன். (துடைக்காமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். போன மாதம் ஒரு தம்பி புளி போட்டுத் தேய்த்த விக்டோரியா ரூபாயின் படத்தை இங்கே போட்டதை இன்னும் மறக்க முடியவில்லை.)

வங்கியில் 31 ஆண்டுகள், அதில் பெரும்பகுதி ரொக்கக் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். சேகரிப்பது பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்கள் மட்டும். தங்கக் காசு வாங்கும் வசதி அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனாலும் ஜூன் 8-ஆம் தேதி நியூயார்க்கில் சாதபீஸ் என்ற ஏல நிறுவனம் ஏலம் விடும் 1933 அமெரிக்க இருபது டாலர் தங்கக் காசு, அதாவது டபுள் ஈகிள், என்னைத் தூங்க விடவில்லை.

தெரியாதவர்களுக்குக் கதைச் சுருக்கம். 1933 மார்ச் முதல் மே வரை ஃபிலடெல்ஃபியா நாணயச் சாலையில் 4,45,500 காசுகள் அடித்தார்கள். நடுவிலேயே, ஏப்ரல் 5 அன்று, மக்கள் கையிலுள்ள தங்கத்தை ஒப்படைக்கச் சொல்லி அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஆணை போட்டுவிட்டார். ஆணை ஒரு பக்கம், அச்சு இன்னொரு பக்கம் ஓடியது. அடித்த காசில் ஒன்றுகூட முறைப்படி புழக்கத்துக்கு வரவில்லை. இரண்டை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு மீதியை 1937-க்குள் உருக்கிக் கட்டியாக்கிவிட்டார்கள். ஆனால் எப்படியோ சில காசுகள் வெளியே நழுவின. அதில் ஒன்று எகிப்து மன்னர் ஃபாரூக்கிடம் போய்ச் சேர்ந்து, சுற்றிச் சுழன்று, 2002-இல் 75,90,020 டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் யார் என்பதே இந்த மார்ச்சில்தான் தெரிந்தது. காலணி வடிவமைப்பாளர் ஸ்டூவர்ட் வைட்ஸ்மன். அவர்தான் இப்போது விற்கிறார்.

என் மைத்துனர் நகைத்தொழிலில் இருப்பவர். அவரிடம் சொன்னேன். உடனே கணக்குப் போட்டார். "எடை 33.4 கிராம். நாலு சவரனுக்கு மேல் ஒன்றரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. மாற்று 90 சதவீதம், அதாவது 22 காரட்டுக்கும் கொஞ்சம் கீழே. ஒன்றரை லட்சத்தைச் சுற்றித் தருகிறேன், அதுவும் உங்களுக்காக" என்றார். சாதபீஸ் போட்டிருக்கும் மதிப்போ ஒரு கோடி முதல் ஒன்றரை கோடி டாலர். நம் பணத்தில் 73 கோடியிலிருந்து 109 கோடி. ஒரு கோடி டாலரைத் தொடாது என்று அவர் அரைக் கிலோ காபித்தூள் பந்தயம் கட்டியிருக்கிறார். நான் 1.2 கோடி டாலர் என்று சொல்லியிருக்கிறேன்.

என் சந்தேகம் இதுதான். இதே காசில் இன்னும் பத்து, அமெரிக்க அரசிடம் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறதே? ஸ்விட் என்ற நகை வியாபாரியின் மகள் குடும்பத்தாரிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டவை. நாளைக்கு ஏதோ ஓர் அரசு மனம் மாறி அந்தப் பத்தையும் விற்றால் என்ன ஆகும்? நூறு கோடி கொடுத்து வாங்கியவன் தலையில் துண்டுதானே? இதை யோசிக்காமலா ஏலம் கேட்பார்கள்?

---

வராகன் | 2021 மே 30

காசாளர் ஐயா, யோசித்துத்தான் கேட்பார்கள். அவர்கள் வாங்குவது காசோடு வரும் தாளையும் சேர்த்து.

1996 பிப்ரவரியில் ஸ்டீபன் ஃபென்டன் என்ற பிரிட்டிஷ் வியாபாரி இந்தக் காசை விற்க நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலுக்கு வந்தார். வாங்க வந்ததாக நடித்தவர்கள் அமெரிக்க அரசின் புலனாய்வுத் துறையான சீக்ரெட் சர்வீஸ் ஆட்கள். கையோடு பிடித்தார்கள். ஐந்து ஆண்டு வழக்கு. அரசு வாதம் எளிமையானது: இந்தக் காசை நாங்கள் வெளியிடவே இல்லை, எனவே யார் கையில் இருந்தாலும் திருட்டுப் பொருள். ஃபென்டன் பக்கம் இருந்த துருப்புச் சீட்டு, ஃபாரூக்குக்காக 1944 பிப்ரவரி 29-இல் அமெரிக்கக் கருவூலமே கொடுத்த ஏற்றுமதி உரிமம். அடுத்த மாதமே சீக்ரெட் சர்வீஸ் விசாரணை தொடங்கிவிட்டது. விண்ணப்பம் சில வாரம் பிந்திப் போயிருந்தால் உரிமமும் கிடையாது, இந்த ஏலமும் கிடையாது.

அந்த உரிமத்தால்தான் 2001-இல் சமரசம். ஏலத்தில் விற்று, வரும் பணத்தில் ஃபென்டனுக்குப் பாதி, அரசுக்குப் பாதி. நீங்கள் எழுதிய 75,90,020 டாலரின் கடைசி இருபதைக் கவனித்தீர்களா? ஏலத் தொகை 66 லட்சம், அதன்மேல் 15 சதவீதக் கட்டணம், சேர்த்தால் 75,90,000. மேலே உள்ள இருபது டாலர், காசின் முகமதிப்பு. வெளியிடப்படாத காசை அன்றைக்கு முறைப்படி பணமாக்கி வெளியிடுவதற்காக அரசுக்குச் செலுத்தியது. அதாவது 1933-இல் அச்சான இந்தக் காசு 2002 ஜூலை 30 அன்றுதான் பணமானது. தனியார் வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட ஒரே 1933 டபுள் ஈகிள் இதுதான் என்று எழுதியும் கொடுத்தார்கள்.

அந்தப் பத்துக் காசு விஷயம்: 2003-இல் வங்கிப் பெட்டகத்தில் கண்டெடுத்து, உண்மையானதுதானா என்று பார்க்கச் சொல்லி அரசிடமே அனுப்பி வைத்தார்கள் அந்தக் குடும்பத்தார். உண்மைதான், திருப்பித் தரமாட்டோம் என்று பதில் வந்தது. 2011-இல் ஜூரி அரசு பக்கம். 2015-இல் மூன்று நீதிபதிகள் குடும்பத்தார் பக்கம். 2016-இல் முழு அமர்வு மீண்டும் அரசு பக்கம். 2017-இல் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தொடவே மறுத்தது. இத்தனை ஆண்டு மல்லுக்கட்டிவிட்டு அரசு அதைச் சந்தையில் விற்றால், எழுதிக் கொடுத்த தாளுக்கு என்ன மரியாதை?

என் கணிப்பு 1.5 கோடி டாலர்.

---

செப்புக்காசு | 2021 மே 31

வராகன் அழகாக எழுதிவிட்டார். எனக்கு அதிலேதான் எரிச்சல்.

நான் ஆற்று மணலில் சலித்தெடுத்த நாயக்கர் காலச் செப்புக்காசு சேர்க்கிறவன். என்னிடம் இருக்கும் சில காசுகளில் இன்ன வகை இரண்டுதான் பார்த்திருக்கிறேன் என்று சொல்லலாம். அவை அரிதானது, மண்ணும் தண்ணீரும் காலமும் தின்றதால். நீங்கள் சொல்லும் காசு நாலே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக அடித்துத் தள்ளியது. அரசே அடித்து, அரசே உருக்கி, தப்பியதைத் தேடிப் பிடித்து ஒன்பதை 1940, 50-களில் அழித்து, ஒன்றை மட்டும் விட்டு, "இது ஒன்றுதான்" என்று சீட்டு எழுதிக் கொடுத்து, விற்ற பணத்தில் பாதியையும் வாங்கிக்கொண்டது. இதற்குப் பெயர் அரிதா? ரேஷன்.

90 லட்சம் டாலரைத் தாண்டாது. கொரோனா காலம் வேறு.

---

கும்பகோணம் காசாளர் | 2021 மே 31

செப்புக்காசு அவர்களே, 4,45,500 என்பது நாலே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு அல்ல, நாலரைக்குக் கொஞ்சம் குறைவு. காசாளனிடம் எண்ணிக்கை தப்பினால் விடமாட்டான், மன்னியுங்கள்.

ரேஷன் என்ற சொல் எனக்குப் பிடித்தது. ஆனால் பாதிதான் சரி. ரூஸ்வெல்ட் ஆணையில் சேகரிப்பாளர்கள் மதிக்கும் அபூர்வக் காசுகளுக்கு விலக்கு இருந்தது. சாதாரணக் குடும்பத்துக்கும் ஆளுக்கு நூறு டாலர் வரை தங்கம் வைத்துக்கொள்ள அனுமதி. மற்றதை அவுன்சுக்கு 20.67 டாலர் கணக்கில் வாங்கிக்கொண்டு, 1934 தொடக்கத்தில் விலையை 35 ஆக்கிவிட்டார்கள். கொடுத்தவர்கள் வயிறு எரிந்திருக்காதா?

நம் வீடுகளிலும் அந்த எரிச்சல் உண்டு. 1963-இல் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது என் பாட்டியிடம் ராஜா தலை போட்ட பவுன்களைக் கோத்த காசுமாலை ஒன்று இருந்தது. புதிதாக நகை செய்தால் 14 காரட்டுக்கு மேல் கூடாது என்ற விதியைக் கேட்டுவிட்டு, "பித்தளையைப் போட்டுக்கொண்டா கல்யாணத்துக்குப் போவது?" என்று கேட்டாளாம். மாலையை அரிசிப் பானைக்குள் வைத்தாள். அவள் இறந்து பல ஆண்டுகள் கழித்து, சேகரிப்பு ஆசை வந்த பிறகு, அதை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பவுனின் தலைமாட்டிலும் வளையம் பற்றவைத்திருந்தது. பற்று ஓடிய இடத்தில் ஆண்டு எண்ணுக்கு எதிர்ப்பக்கம் எழுத்துகள் மழுங்கி, மெழுகு வழிந்ததுபோல் ஆகியிருந்தன. சேகரிப்பாளனுக்கு அது எதற்கும் உதவாது, வெறும் எடைதான். பாட்டிக்கு நாங்கள் எல்லாரும் உதவாதவர்களாகத் தெரிந்திருப்போம், அது வேறு.

ஆனால் இந்தக் காசு என்னைத் தூங்க விடவில்லை என்று சொன்னேனே, அதற்குக் காரணம் விலை இல்லை. அதைச் சொல்கிறேன். நழுவிய காசுகள் எப்படி நழுவின? நாணயச் சாலையின் கணக்கில் ஒரு காசும் குறையவில்லை. இதுதான் எனக்குச் சிலிர்ப்பு. இருப்பு நேராகிறது, எடை நேராகிறது. சந்தேகம் போனது அங்கே இருந்த காசாளர் மேல். சொல்லப்படும் விளக்கம் என்னவென்றால், பழைய ஆண்டு டபுள் ஈகிளை உள்ளே வைத்துவிட்டு 1933-ஐ எடுத்துக்கொண்டார் என்பது. உருக்கப்போகிற பைக்குள் ஆண்டைப் பார்க்கிறவர் யார்? எண்ணினால் சரி, நிறுத்தால் சரி.

31 ஆண்டுகள் நான் மாலையில் இருப்பு எடுத்தவன். ஒரு ரூபாய் கூடினாலும் குறைந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. ஆனால் கட்டுக்குள் இருக்கும் நோட்டு எந்த ஆண்டு என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை. திருட்டு என்றால் பெட்டி குறைய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

---

பொடோமாக் கரை | 2021 ஜூன் 1

காசாளர் அண்ணா, நான் மேரிலாந்தில் இருக்கிறேன். வாஷிங்டனில் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் ஸ்மித்சோனியன் வைத்திருக்கும் 1933-ஐ நேரில் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லலாம் என்று வந்தேன்.

முதலில் ஏமாற்றம். சின்னது. 34 மில்லிமீட்டர்தான். பெரிய பொட்டு அளவு என்று என் மனைவி சொன்னாள். கண்ணாடிக்கு வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம், அவர்கள் பார்வை பக்கத்துப் பெட்டியில். நான் மட்டும் குனிந்து நின்றேன். சுதந்திர தேவி நேருக்கு நேராக நடந்து வருகிறாள். வலது கையில் தீப்பந்தம், இடது கையில் ஆலிவ் கிளை. காற்றில் ஆடை பின்னால் பறக்கிறது. இடப்பக்கம் அவள் காலடியில் நாடாளுமன்றக் கட்டடம், நகக்கண் அளவு. சிற்பி அகஸ்டஸ் செயின்ட் கோடன்ஸ் வரைந்தது. அவர் 1907-இல் இறந்துபோனார், புழக்கத்துக்கு வந்ததைப் பார்க்கவே இல்லை. வலப்பக்கம் கதிர்களுக்கு நடுவே 1933. அந்த நான்கு எண்களை மறைத்துவிட்டால் 1928-ஆம் ஆண்டுக் காசுக்கும் இதற்கும் எந்த வேறுபாடும் தெரியாது. 1928 காசு இங்கே கடைகளில் தங்க விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தால் கிடைக்கும்.

ஏலத்துக்கு வரும் காசின் தரத்தை 70-க்கு 65 என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 1996-இல் பிடிபட்ட பின் இந்தக் காசு உலக வர்த்தக மையக் கட்டடத்துப் பெட்டகத்தில் இருந்தது. சமரசம் ஆனதும் 2001 ஜூலையில் அரசின் தங்கக் கிடங்கு இருக்கும் ஃபோர்ட் நாக்ஸுக்கு எடுத்துப்போனார்கள். செப்டம்பரில் அந்தக் கட்டடம் இல்லை. இதைக் கேட்டபோது காசுக்கும் ஜாதகம் உண்டா என்று தோன்றியது.

1.3 கோடி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

---

புதியவன்77 | 2021 ஜூன் 2

வணக்கம். என்னிடம் 1933 காலணா இருக்கிறது, ஜார்ஜ் மன்னர் படம். அதுவும் 1933 தானே? எவ்வளவு போகும்? அவசரத் தேவை.

---

செப்புக்காசு | 2021 ஜூன் 2

தம்பி, ஒரு டீயும் வடையும் போகும். கடை திறந்த பிறகு.

---

கும்பகோணம் காசாளர் | 2021 ஜூன் 2

செப்புக்காசு கிண்டல் செய்கிறார், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. காலணா ஏராளமாக அடித்தது. பத்திரமாக வைத்திருங்கள். அபூர்வக் காசுக்கு லட்சம் தருகிறேன் என்று யாராவது போனில் சொல்லி முன்பணம் கேட்டால் மட்டும் தொடர்பைத் துண்டித்துவிடுங்கள்.

ஆண்டு எண் விஷயத்தில் நானும் ஏமாந்தவன்தான். 2004 மகாமகத்தின்போது குளத்தைச் சுற்றிக் கால் வைக்க இடமில்லாத கூட்டம். நடைபாதையில் சாக்கு விரித்து ஒருவர் பழங்காசு பரப்பியிருந்தார். அதில் 1939 என்று ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய். நம் பக்கத்துச் சேகரிப்பாளர்களுக்கு அந்த ஆண்டைக் கேட்டாலே வாய் ஊறும். பம்பாயில் அடித்தது. அடுத்த ஆண்டே வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டதால் நல்ல வெள்ளி ரூபாய்களின் கடைசி ஆண்டு அது, மிஞ்சியவை விரல்விட்டு எண்ணும்படி. விற்றவர் ஆண்டைப் பற்றித் தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்திருந்தார். நானும் தெரியாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பேரம் பேசி வாங்கினேன். இரண்டு பேரில் யார் நன்றாக நடித்தோம் என்பது வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது.

எடை 11.6 கிராம் சரி. ஓசை சரி. பத்து மடங்கு லென்ஸில் கடைசி எண்ணைப் பார்த்தேன். 9-இன் வால் வளைகிற இடத்துக்கு இடப்பக்கம், தரை மட்டும் சொரசொரவென்று இருந்தது. சுற்றிலும் பளபளப்பு, அந்த ஒரு புள்ளியில் மட்டும் ஊசியால் கீறிக் கீறிச் சுரண்டிய தடம். 1938-ஆம் ஆண்டின் 8. கீழ் வட்டத்தின் இடது சுவரைச் செதுக்கி எடுத்துவிட்டால் 9. கடுகில் பாதி அளவு வெள்ளியை நீக்கிவிட்டு என்னிடம் மூன்று மாதச் சேமிப்பை வாங்கிக்கொண்டார்.

அந்தக் காசை விற்கவில்லை. யாரிடம் விற்பது? இன்னொருவரிடம் தள்ள மனம் வரவில்லை. பெட்டியில் 1938-க்கும் 1940-க்கும் நடுவே இருக்கும் காலி இடத்தில்தான் அதை வைத்திருக்கிறேன், தலைகீழாக.

---

வராகன் | 2021 ஜூன் 8, இரவு

முடிந்துவிட்டது. கட்டணம் உட்பட 1,88,72,250 டாலர். சாதபீஸ் சொன்ன உச்ச மதிப்பையும் தாண்டிவிட்டது. இதுவரை உலகத்திலேயே அதிக விலைக்குப் போன காசு, 2013-இல் ஒரு கோடி டாலரைக் கொஞ்சம் தாண்டிய 1794 வெள்ளி டாலர். அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. நாம் ஒருவரும் கிட்டக்கூடப் போகவில்லை.

---

செப்புக்காசு | 2021 ஜூன் 8, இரவு

137 கோடி ரூபாய்! ரேஷன் கார்டுக்கு இவ்வளவு விலையா! தோற்றேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருத்தை மாற்றவில்லை.

---

பொடோமாக் கரை | 2021 ஜூன் 9

அதே ஏலத்தில் பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் தபால்தலையும் போனது, 83 லட்சம் டாலர். அதுவும் வைட்ஸ்மனுடையதுதான். சிறுவயதில் தபால்தலையும் காசும் சேர்த்தவராம். என் மகனுக்கு இந்தச் செய்தியைக் காட்டினேன். "அப்பா, நம் வீட்டில் இருக்கிற தபால்தலை?" என்று உடனே கேட்டான்.

---

கும்பகோணம் காசாளர் | 2021 ஜூன் 9

நேற்று இரவு வராகன் எழுதியதைப் படித்துவிட்டு மைத்துனருக்குப் போன் செய்தேன். தூக்கத்தில் இருந்தார். தொகையைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அதைச் சவரனுக்குப் போடுங்கள்" என்றார். போட்டேன். காசு நாலு சவரன் சொச்சம் என்று வைத்துக்கொண்டால் சவரன் ஏறக்குறைய 33 கோடி. "செய்கூலி, சேதாரம் சேர்த்தா?" என்று கேட்டார். சேர்த்துத்தான் என்றேன்.

என் கேள்விக்கு வராகன் சொன்ன பதிலை ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. தாளுக்குத்தான் விலை என்றால் செப்புக்காசு சொல்வதுபோல் அது ரேஷன் கார்டு. ஆனால் 4,45,500 காசில் இந்த ஒன்றை மட்டும் கையில் எடுத்து, பழைய காசு ஒன்றை உள்ளே போட்டு, அன்று மாலை இருப்பை நேராக்கிக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குப் போன ஓர் ஆள் இருந்தால், அவர் விரல் பட்டதும் அந்த விலையில் சேர்ந்துதான் இருக்கிறது.

காபித்தூள் இன்று காலை வந்துவிட்டது. வீட்டுத் தராசில் நிறுத்தேன். 480 கிராம்தான் இருக்கிறது. மைத்துனரிடம் கேட்கலாமா வேண்டாமா என்று வீட்டில் விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.